ஜப்பானிய ஓவியத்திலும் கவிதையிலும் நீர்ப்பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீர்ப்பறவை என்று ஜப்பானியக் கவிஞர்கள் எவற்றைச் சொல்கிறார்கள்?

பொதுப்பெயர் ‘மிஸுதொரி’. மிஸு என்றால் தண்ணீர், தொரி என்றால் பறவை. ஆனால் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருபவை நான்கைந்து பறவைகள்தான். காமோ என்பது காட்டு வாத்து. ஒஷிதொரி என்பது மாண்டரின் வாத்து. ஆண்பறவை கல்யாண மாப்பிள்ளை போல அலங்காரத்தோடு இருக்கும். நியோ என்பது நம் குளங்களிலும் இருக்கிற முக்குளிப்பான். கரி என்பது நீண்ட கழுத்தோடு வானத்தில் வரிசை கட்டிப் பறக்கும் பெரிய வாத்தினம். தமிழில் வாத்துக்கும் அதற்கும் ஒரே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ‘கரி’ என்றே எழுதினால் அடுப்படி நினைவுதான் வரும் என்பதால் இங்கே அதைப் பெருவாத்து என்கிறேன்.

நாரை, கொக்கு, நீர்க்காகம், கடற்கரை உள்ளான்கள் எல்லாம் கவிதையில் உண்டு. இங்கே பெரும்பாலும் மிதக்கிற பறவைகளைப் பற்றித்தான் பேச்சு.

வாத்துக் கவிதைகள் எல்லாம் ஏன் குளிரிலேயே நடக்கின்றன?

வாத்துகள் குளிரில்தான் வருகின்றன. சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே நீர் உறையும் முன் தெற்கே இறங்கி ஜப்பானின் ஏரிகளிலும் கழிமுகங்களிலும் தங்கி, இளவேனிலில் கிளம்பிவிடும். ஹைக்கூவில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பருவச்சொல் வேண்டும் என்பது மரபு. அந்தக் கணக்கில் காமோவும் ஒஷிதொரியும் குளிர்காலச் சொற்கள். கரி இலையுதிர்காலம், அதாவது வந்திறங்கும் காலம். ‘திரும்பும் கரி’ என்று சொன்னால் இளவேனில். முக்குளிப்பானின் மிதக்கும் கூடு கோடை. எல்லாரும் போனபின் குளத்தில் தங்கிவிட்ட வாத்துக்கும் தனிச்சொல் இருக்கிறது, ‘எஞ்சிய வாத்து’ என்று, அதுவும் இளவேனில்தான்.

ஆக, பறவையின் பெயரைச் சொன்னாலே மாதம் தெரிந்துவிடும். பதினேழே அசைகளில் எழுதுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். குளிர், இருட்டு, உதிர்ந்த நாணல், எதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மிகப் பழைய பாட்டுகளில் எதைப் படிக்கலாம்?

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மான்யோஷூவில் ஏறத்தாழ 4,500 பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றை எடுத்துக்கொள்வேன்.

முதலாவது, இளவரசர் ஷிகி 706ஆம் ஆண்டு பேரரசரோடு நானிவா அரண்மனைக்குப் போனபோது பாடியது. நானிவா இன்றைய ஒசாக்கா. சொந்த ஊர் யாமாதோ, மலைக்கு அப்பால்.

‘நாணலோரம் நகரும் வாத்தின்
மடித்த சிறகில் உறைபனி படியும்
குளிர்ந்த மாலையில்
யாமாதோவை நினைக்கிறேன்.’

மாலை இருட்டில் வாத்தின் சிறகு மடிப்பில் பனி படிவதைக் கரையிலிருந்து யாரால் பார்க்க முடியும்? தன் முதுகில் உறைத்த குளிரைத்தான் அவர் பறவையின் முதுகில் பார்க்கிறார். ஊர் நினைவு வந்தது என்று சொல்வதற்கு முன்பே நமக்கு நடுக்கம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, 686இல் அரச துரோகக் குற்றம் சாட்டப்பட்டு 24 வயதில் கொல்லப்பட்ட இளவரசர் ஓத்சுவின் பெயரில் இருப்பது. ‘இவாரே குளத்தில் கத்தும் வாத்துகளை இன்று மட்டும் பார்த்துவிட்டு மேகத்தில் மறைந்துபோவேனா?’ பெரியோர் இறந்தால் ‘மேகத்தில் மறைந்தார்’ என்பது மரியாதை வழக்கு. தன் சாவைத் தானே அப்படிச் சொல்லிக்கொள்வாரா, பின்னால் வேறொருவர் அவர் வாயில் வைத்த பாட்டோ என்று அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். இருக்கலாம். சாகப்போகிறவன் கடைசியாகப் பார்க்க வேண்டியது மலையோ நிலவோ அல்ல, கத்திக்கொண்டிருக்கும் வாத்து என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அது போதும்.

மூன்றாவதைப் பாடியவர் இளவரசர் இல்லை. 755இல் கிழக்கு மாகாணங்களிலிருந்து எல்லைக் காவலுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட வீரர்களில் ஒருவர், சுருகா நாட்டு உதோபே நோ உஷிமாரோ. ‘நீர்ப்பறவை எழும்புவதுபோல் அவசரமாய்க் கிளம்பினேன். அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு சொல் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது வருந்துகிறேன்.’ வாத்துக் கூட்டம் திடுக்கிட்டு எழும்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை புரியும். எழுந்த பிறகு தண்ணீரில் வட்டங்கள் மட்டும் மிஞ்சும்.

‘மிதக்கும் உறக்கம்’ என்கிறார்களே, அது என்ன?

‘உகினே’ என்ற சொல். நீரில் மிதந்தபடியே தூங்கும் பறவையின் தூக்கம். ‘உகி’ என்ற ஒலிக்கு மிதப்பது என்றும் பொருள், துயரமானது என்றும் பொருள். சிலேடை கையருகே கிடக்கும்போது கவிஞர்கள் சும்மா இருப்பார்களா? நிலையில்லாத படுக்கை, கணவன் வராத இரவு, படகில் கழியும் பயணம் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் வந்து அடைந்தன. பல நூற்றாண்டு அடைந்ததில் பாதிப் பாட்டுகள் சலித்தும் போயின.

சலிக்காத ஒன்று முராசாகி ஷிகிபுவுடையது. கெஞ்சியின் கதையை எழுதியவர் அவர்தான். 1008ஆம் ஆண்டு, பேரரசியின் தந்தை ஃபுஜிவாரா நோ மிச்சினாகாவின் மாளிகை. பேரரசிக்கு ஆண்குழந்தை பிறந்திருக்கிறது, பேரரசர் பார்க்க வரப்போகிறார், வீடு முழுவதும் அலங்கார வேலை. நாட்குறிப்பில் அவர் எழுதுகிறார்: எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை. விடியலில் குளத்தைப் பார்க்கிறார்.

‘நீரின் மேல் பறவை, எனக்கென்ன
என்று விலகி நிற்க முடியுமா?
நானும்தான் மிதந்துகொண்டு
நாளைக் கழிக்கிறேன்.’

அடுத்த வரியில், கவலையே இல்லாமல் விளையாடுவதுபோல் தெரிகிற அவற்றுக்கும் உடம்பு படும் பாடு பெரிதாகத்தான் இருக்கும் என்கிறார். நீருக்கு மேலே அமைதி, கீழே ஓயாமல் துழாவும் கால்கள். அரண்மனை வேலையில் இருந்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒஷிதொரி ஜோடி உண்மையிலேயே பிரியாதா?

பிரியும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் விலகிப் போய்விடும். அடுத்த ஆண்டு பெரும்பாலும் வேறு ஜோடி. அறிவியல் இப்படிச் சொன்னாலும், ஒற்றுமையான கணவன் மனைவியை ஜப்பானியர் இன்றும் ‘ஒஷிதொரி தம்பதி’ என்றுதான் சொல்கிறார்கள். குளிர்காலத்தில், அதாவது மனிதர்கள் பார்க்கிற காலத்தில், அவை ஜோடியாகத்தான் இருக்கின்றன. கவிஞர்கள் பொய் சொல்லவில்லை, பாதி ஆண்டைத்தான் பார்த்தார்கள்.

இந்தப் பறவையைப் பற்றி 1254இல் தொகுக்கப்பட்ட கொகோன் சோமோன்ஜூவில் ஒரு கதை இருக்கிறது. வடக்கே முத்சு நாட்டில் பருந்து பழக்கி வேட்டையாடும் ஒருவன். அன்றைக்கு ஒன்றும் கிடைக்காமல் திரும்பும்போது அகானுமா என்ற சதுப்பில் ஆண் ஒஷிதொரி ஒன்றை அம்பெய்து கொல்கிறான். இரவு கனவில் ஒரு பெண் வந்து அழுகிறாள். பொழுது சாய்ந்தால் வா என்று அழைத்துக்கொள்வோமே, இனி அகானுமாப் புல்மறைவில் தனியாய்த் தூங்குவது எவ்வளவு கொடுமை என்று பாடுகிறாள். பிறகு அவன் பருந்துத் தீனிப் பையைத் திறந்தால், பெண்பறவை தன் அலகை ஆண்பறவையின் அலகோடு கோத்தபடி இறந்து கிடக்கிறது. அவன் துறவியாகிவிடுகிறான். லஃப்காதியோ ஹெர்ன் 1904இல் இதை ஆங்கிலத்தில் எழுதியபோது, பெண்பறவை வேட்டைக்காரன் கண்ணெதிரிலேயே தன் உடலைக் கிழித்துக்கொண்டு சாவதாக முடித்தார். உலகம் அறிந்தது அந்த வடிவம். எனக்குப் பழைய கதையின் பைதான் பிடித்திருக்கிறது. சாவு சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது.

கதை நன்று. ஆனால் ஒஷிதொரி ஓவியங்களில் பெரும்பாலானவை கல்யாண வாழ்த்துமடல் மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்பறவையின் முதுகில் பாய்போல் நிற்கும் செம்மஞ்சள் இறகு ஒவ்வோர் ஓவியரையும் மயக்கிவிடுகிறது. வண்ணம் குறைந்த காமோவை வரையும்போதுதான் இவர்கள் கை எவ்வளவு தேர்ந்தது என்று தெரிகிறது.

பெருவாத்து ஏன் எப்போதும் கடிதத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது?

சீனாவிலிருந்து வந்த கதை. ஹான் பேரரசின் தூதர் சூ வூவை வடக்கே ஷியோங்னு மக்கள் 19 ஆண்டு சிறைவைத்திருந்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று அவர்கள் சாதித்தபோது, பேரரசரின் தோட்டத்தில் வீழ்த்திய பெருவாத்தின் காலில் அவர் எழுதிய கடிதம் கட்டியிருந்தது என்று சொல்லி அவரை மீட்டார்களாம். அதிலிருந்து வடக்கிலிருந்து வரும் பறவை தபால்காரன் ஆகிவிட்டது. 905இல் உருவான கொகின்ஷூவில் கி நோ தொமோனோரி கேட்கிறார்: ‘இலையுதிர் காற்றில் முதல் பெருவாத்தின் குரல் கேட்கிறது, யாருடைய மடலைச் சுமந்து வந்திருக்கிறது?’

அதே தொகுப்பில் இசே என்ற பெண் கவிஞர் எதிர்த்திசையைப் பார்க்கிறார். பெருவாத்துகள் வடக்கே திரும்பும் நேரம்தான் இங்கே பூக்கள் தொடங்கும் நேரம். ‘இளவேனில் மூட்டம் எழும்போது விட்டுவிட்டுப் போகின்றனவே, பூவில்லாத ஊரில் வாழ்ந்து பழகியவையோ?’ விருந்து பரிமாறும் நேரத்தில் எழுந்து போகிற விருந்தாளியைப் பார்த்து முணுமுணுப்பதுபோல் இருக்கிறது. ஜப்பானிய மரபு முழுவதும் பூவைத் தலையில் வைத்துக் கொண்டாட, பூ இல்லாமலும் ஓர் ஊர் இருக்கலாம் என்று பறவையை வைத்துச் சொன்ன பாட்டு இது.

பாஷோவின் நோயுற்ற பறவை எது?

பிவா ஏரிக்கரையில் கத்தாதா என்ற ஊர். ஷியாவ் ஷியாங் ஆறுகளின் எட்டுக் காட்சிகள் என்று சீனத்தில் ஓவிய மரபு ஒன்று உண்டு. அதில் ஒன்று மணல்திட்டில் இறங்கும் பெருவாத்துகள். அதைப் பின்பற்றி ஜப்பானியர் பிவா ஏரிக்கு எட்டுக் காட்சிகளைத் தேர்ந்தபோது, இறங்கும் பெருவாத்துகளுக்குக் கத்தாதாவை ஒதுக்கினார்கள். எனவே அங்கே போகிற எவனும் வானத்தில் அழகான வரிசையை எதிர்பார்த்துத்தான் போவான்.

1690 இலையுதிர்காலத்தில் ஹைக்கூக் கவிஞர் பாஷோ அங்கே போனார். உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்டார்.

‘நோயுற்ற பெருவாத்து
குளிர் இரவில் விழுந்து,
வழியில் உறங்குகிறது.’

அந்தப் புகழ்பெற்ற காட்சியில் கூட்டம் இறங்கும். இங்கே ஒற்றைப் பறவை விழுகிறது. படுத்திருப்பது பறவையா கவிஞரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதைக் கத்தாதாவில் எழுதினார் என்பது தெரியாவிட்டால் பாதிப் பாட்டு நழுவிவிடும்.

இதோடு ஒரு சண்டையும் சேர்ந்திருக்கிறது. மறு ஆண்டு வெளிவந்த சாருமினோ தொகுப்புக்காக இந்தப் பாட்டையும், மீனவர் குடிசையில் சின்ன இறால்களுக்கிடையே பூச்சி கலந்து கிடப்பதைச் சொல்லும் இன்னொன்றையும் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார் பாஷோ. தொகுப்பாசிரியர்கள் இருவர். போன்சோவுக்கு இறால்தான் புதுமை. கியோராய்க்குப் பறவையின் உயரம். ஒத்துவராமல் கடைசியில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். நான் கியோராய் கட்சி. ஆனால் இறால் பாட்டில் இருக்கிற வாசனை பறவைப் பாட்டில் இல்லை என்பதை மறுக்க மாட்டேன்.

வாத்தின் குரல் ‘வெண்மையாக’ இருக்கிறது என்று பாஷோ எழுதியது பிழையா?

1684 குளிர்காலத்தில், இன்றைய நகோயாவுக்குள் இருக்கும் அத்சுதாவில் படகேறிக் கடலுக்குள் போய் எழுதியது.

‘கடல் இருண்டது;
வாத்துகளின் குரல்
மங்கலாய், வெண்மையாய்.’

பிழையில்லை. கண்ணுக்கு வேலை முடிந்துவிட்ட பிறகு காது அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. இதில் அசைக்கணக்கு 5-5-7. பின்னிரண்டு அடிகளை இடம் மாற்றியிருந்தால் ஒழுங்கான 5-7-5 கிடைத்திருக்கும். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அவர் மாற்றவில்லை. மாற்றினால் பாட்டு வாத்தில் போய் முடியும். இப்போது வெண்மையில் முடிந்து, பிறகு அதுவும் கரைகிறது.

ஓவியங்களில் பறவை இருக்கிறது, தண்ணீரைக் காணோமே?

நல்ல கேள்வி. இந்தக் கலையின் சூட்சுமமே அதுதான்.

கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ‘தாமரைக்குளத்து நீர்ப்பறவைகள்’ என்ற தொங்கு சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தவாராயா சோதத்சு வரைந்தது, தேசியப் பொக்கிஷம். மேலே தாமரை, கீழே இரண்டு முக்குளிப்பான்கள். மை மட்டும்தான், வண்ணம் கிடையாது. ஈரம் காயாத மையின் மேல் இன்னொரு துளி மையை விட்டுத் தானாகப் பரவ விடும் ‘தராஷிகோமி’ என்ற உத்தியில் இலைகள் உருவாகியிருக்கின்றன. தண்ணீர்? வெறும் தாள். ஆனால் முக்குளிப்பானின் வயிறு எங்கே முடிகிறதோ அங்கே நீர்மட்டம் தொடங்கிவிடுகிறது. பறவையைப் பாதி மட்டும் வரைந்தார். மீதிப் பாதியை மறைக்கும் தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்கிறோம். பாஷோ குரலைக் கொண்டு செய்ததை இவர் வயிற்றுக் கோட்டைக் கொண்டு செய்திருக்கிறார். நீர்ப்பறவை இவர்களுக்கு அலங்காரம் இல்லை, தண்ணீரைக் காட்டும் கருவி. வாத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் தாளாகிவிடும்.

இதற்கு வேர் ஸென் துறவிகளின் மையோவியம். நாணலும் பெருவாத்தும் என்பது சீனத்திலிருந்து வந்த பழைய பாடப்பொருள்; பறத்தல், கத்துதல், உறங்குதல், மேய்தல் என்று நான்கு நிலைகளையும் காட்டுவது வழக்கம். சீனாவில் படித்துத் திரும்பிய துறவி தெஷ்ஷூ தொகுசாய் 1343இல் வரைந்த ஜோடிச் சுருள்கள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தத் துறவிகளிடையே ஒரு சீன வாசகம் புழங்கியது: பெருவாத்துக்குத் தடம் விட்டுச்செல்லும் எண்ணம் இல்லை, நீருக்கு நிழலைப் பிடித்துவைக்கும் எண்ணம் இல்லை. அதை வரைய வெற்றுத்தாளைவிடப் பொருத்தமான இடம் ஏது?

வாள்வீரர் மியாமோதோ முசாஷியும் இதை வரைந்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தோக்கியோவின் எய்செய் புன்கோ தொகுப்பில் அவருடைய பெருவாத்து மடிப்புத் திரைகள் இருக்கின்றன. நீர்க்காகம் ஒன்றையும் வரைந்திருக்கிறார். பெருவாத்துகளைவிட அது மேல். அசையாமல் நிற்கிற அந்தப் பறவையின் கழுத்தில் வாள் பிடித்த கை தெரிகிறது.

ஜாகுச்சூவின் பெருவாத்து ஏன் தலைகீழாக விழுகிறது?

ஓவியர் ஜாகுச்சூ (1716–1800) வெற்றிடம் விடாமல் எல்லாவற்றையும் நிரப்புகிற ஆள். கியோத்தோ நிஷிகி சந்தைக் காய்கறி மொத்த வியாபாரியின் மகன். ஷோகொகுஜி கோயிலுக்குக் கொடுத்த முப்பது பட்டுச் சுருள்கள் 1889இல் அரச குடும்பத்திடம் போய், 2021இல் தேசியப் பொக்கிஷம் ஆயின. அவற்றில் ஒன்றில் பனி சுமந்த நாணலையும் உறைந்த நீரையும் நோக்கி ஒரு பெருவாத்து செங்குத்தாக இறங்குகிறது. இறங்குகிறதா விழுகிறதா என்பதில்தான் பேச்சே. மரபில் அழகாக வட்டமிட்டு இறங்கும் பறவைக்கு இவர் எடையைக் கொடுத்துவிட்டார். கீழே தண்ணீர் இல்லை, பனிக்கட்டி.

1759ஆம் ஆண்டுத் தேதியிட்ட இன்னொன்றில் பனியில் ஒஷிதொரி ஜோடி. ஆண் கரையில் கம்பீரமாக நிற்கிறது. பெண் தலையை நீருக்குள் விட்டு இரை தேடுகிறது. தம்பதிப் படம் கேட்டவருக்கு மனைவியின் பின்பக்கத்தைக் காட்டியிருக்கிறார். வாழ்த்துமடல் அலுப்பு இல்லாத ஒஷிதொரி ஓவியம் என்றால் எனக்கு இதுதான்.

கவிதையும் ஓவியமும் ஒரே தாளில் வருமா?

ஹேயான் காலத்திலேயே (794–1185) வந்துவிட்டன. வீட்டு மடிப்புத் திரையில் பன்னிரண்டு மாதக் காட்சிகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டை எழுதச் சொல்வார்கள். கொகின்ஷூவைத் தொகுத்தவர்களுள் ஒருவரான கி நோ த்சுராயுகி இப்படி நிறைய எழுதியவர்.

இன்னும் விளையாட்டான ஒன்று ‘ஆஷிதே’, அதாவது நாணல் எழுத்து. எழுத்துகளை நாணலாக, பாறையாக, நீர்ப்பறவையாக உருமாற்றிப் படத்துக்குள் ஒளித்துவைப்பது. பார்த்தால் சதுப்பு நிலம், படித்தால் சொல். 1160இல் ஃபுஜிவாரா நோ கொரெயுகி பிரதியெடுத்த பாடல் தொகுப்பின் தாள்களில் இந்தப் பாணியைப் பார்க்கலாம்.

கவிஞரும் ஓவியருமான புசோன் (1716–1784) பிறகு வானத்தையே தாளாக்கினார்: ‘ஒரு வரியாகப் பெருவாத்துகள், அடிவார மலையில் நிலா முத்திரை.’ வரி எழுதி, ஓரத்தில் முத்திரை குத்தி முடிக்கும் ஓவியக் கைக்குத்தான் இது தோன்றும்.

ஹிரோஷிகேயின் வாத்து அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது?

1830களில் அவர் நீண்டு ஒடுங்கிய தாள்களில் பறவை-மலர் மரச்செதுக்கு அச்சுகள் பல செய்தார். பனி மூடிய நாணலருகே நீந்தும் காட்டு வாத்துப் படத்தில், வாத்து கத்தக் காற்றில் நீரின் முகம் சுருங்குகிறது என்ற பொருளில் ஒரு பாட்டு. முழுநிலவுக்கு முன் மூன்று பெருவாத்துகள் இறங்கும் படத்தில், ‘இப்படியோர் இரவு இன்னொரு முறை வருமா? நிலவில் பெருவாத்து.’ இரண்டாவது படத்தை 1949இல் ஜப்பான் அஞ்சல்துறை 8 யென் தபால்தலையாக வெளியிட்டது. பின்னாளில் தபால்தலை சேகரிக்கிற ஜப்பானியச் சிறுவர்களின் பெருங்கனவே அதுதான். கடிதம் சுமக்கும் பறவை கடைசியில் தபால்தலையிலேயே ஏறிக்கொண்டது.

ஹொகுசாய் வாத்து வரைந்தாரா?

வரைந்தார். 1847இல், அவர்கள் கணக்குப்படி 88 வயதில். ஓடும் நீரில் வாத்துகள்; ஒன்று நீருக்குள் மூழ்குகிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையெழுத்தோடு வயதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்த மூழ்கும் வாத்தைப் பார்த்தால் அந்தப் பெருமை தகும் என்று தோன்றும்.

எல்லாமே சோகம்தானா?

இல்லை. ஒனித்சுரா (1661–1738) எழுதினார்: ‘நீர்ப்பறவை, கனமாகத் தெரிந்தது, மிதந்துவிட்டது!’ ஹைக்கூக் கவிஞர் இஸ்ஸா வடகோடிக் கடற்கரையான சொதோகாஹாமாவில் வந்திறங்கிய பறவைகளிடம் சொல்கிறார்: ‘இன்று முதல் நீங்கள் ஜப்பான் பெருவாத்துகள், நிம்மதியாகத் தூங்குங்கள்.’ குடியுரிமை கொடுத்துவிட்டார்.

போர்க்கதையிலும் சிரிப்பு உண்டு. 1180இல் ஃபுஜி ஆற்றங்கரையில் தைரா குலத்தின் படை எதிரியை எதிர்பார்த்து முகாமிட்டிருந்தது. இரவில் நீர்ப்பறவைக் கூட்டம் ஒரே நேரத்தில் எழும்பியது. அந்தச் சிறகோசையைப் பெரும்படையின் தாக்குதல் என்று நினைத்து மொத்தச் சேனையும் ஓடிவிட்டது என்கிறது ஹெய்கே காவியம்.

பேச்சு வழக்கில் காமோ என்றால் ஏமாளி. ‘வாத்து வெங்காயத்தாளைச் சுமந்துகொண்டு வருகிறது’ என்பது பழமொழி. குழம்புக்கு வேண்டிய காயையும் அதுவே கொண்டுவருகிறதாம்.

சுள்ளிக் குளியல் என்றொரு கதை உண்டாமே?

உண்டு, அதே சொதோகாஹாமா பக்கத்துக் கதை. கடலைக் கடக்கும் பெருவாத்துகள் வாயில் ஒரு சுள்ளியைக் கவ்விவரும். களைத்தால் அதை நீரில் போட்டு அதன்மேல் இளைப்பாறும். கரை சேர்ந்ததும் போட்டுவிட்டு, இளவேனிலில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு திரும்பும். எல்லாம் போனபின் மணலில் கிடக்கும் சுள்ளிகள், அந்தக் குளிர்காலத்தில் செத்துப்போன பறவைகளின் கணக்கு. ஊர்க்காரர்கள் அவற்றைப் பொறுக்கி வெந்நீர் காய்ச்சி, வழிப்போக்கர்களைக் குளிக்கச் செய்து பறவைகளுக்குப் புண்ணியம் சேர்ப்பார்களாம். ‘கன்புரோ’ என்று இதற்கு இளவேனில் பருவச்சொல்லே இருக்கிறது. பெருவாத்து நீரிலேயே மிதக்கும் பறவை, அதற்குச் சுள்ளி எதற்கு என்று கேட்காதீர்கள்.

ரகுகோ என்னும் கதைசொல்லும் கலையில் இதை வைத்து ஒரு கதை சொல்வார்கள். மாறுவேடத்தில் ஊர் சுற்றும் மித்தோ பிரபு ஒரு மடிப்புத் திரையைப் பார்க்கிறார். பைன் மரமும் பெருவாத்தும். பைனுக்குக் கொக்கு, நிலவுக்குப் பெருவாத்து என்பதுதான் மரபு. ஓவியர் ஏன் தவறினார் என்று புரியாமல் அவர் விழிக்க, ஒசாக்கா வியாபாரி ஒருவர் வந்து சுள்ளிக் கதையைச் சொல்லி, பைனின் கீழ் கிடப்பது அந்தச் சுள்ளிகள்தான் என்று விளக்குகிறார். ஜப்பானிய ஓவியத்தைப் பார்க்க எந்தப் பறவை எதனோடு சேரும் என்று தெரிந்திருக்க வேண்டும். சேராததைச் சேர்த்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது என்று அர்த்தம்.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

பட்டும் தாளும் ஒளியில் மங்கிவிடும் என்பதால், ஜப்பானிய அருங்காட்சியகங்கள் பழைய சுருள்களைச் சில வாரங்களுக்குமேல் தொங்கவிடுவதில்லை. சோதத்சுவைப் பார்க்கப் போய் வெறுங்கையோடு திரும்பாமலிருக்க, கண்காட்சி அட்டவணையை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு அட்டவணை எளிது. தோக்கியோவில் ஹமாரிக்யூ தோட்டத்துக்குள் ஷோகன்கள் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்கள்) வாத்து பிடிக்க 1778இலும் 1791இலும் அமைத்த குளங்கள் இன்றும் இருக்கின்றன. ஒளிந்திருந்து பார்க்கும் துளைகளும் அப்படியே. உவேனோவின் ஷினோபாஸு குளத்தில் குளிர்காலத்தில் வாத்துகள் வந்து நிறையும். பெருவாத்துக்கு வடக்கே மியாகி மாகாணத்து இஸுனுமா ஏரிக்குப் போக வேண்டும். 1971 முதல் அவை இயற்கைச் சின்னமாகப் பாதுகாக்கப்படுவதால் அங்கே பல்லாயிரக்கணக்கில் தங்குகின்றன. விடியும் முன்பே கரையில் போய் நிற்க வேண்டும். சூரியன் எழும்போது ஏரி முழுவதும் ஒரே மூச்சில் எழும்பிவிடும். தைரா படை ஓடியதில் தவறில்லை என்று அப்போது தோன்றும்.